முதல் விலா எலும்பின் வரலாறு



எனக்கு ஆபரேஷன் முடிந்து நேற்றோடு ஆறு வாரம். வலது அக்குளுக்குள் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. உள்ளே ஒரு விலா எலும்பு குறைவு. வணிகவியல் படிக்கிற பையனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். படுக்கையில் கிடந்த நாட்களில் வேறு வேலையில்லை, இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்!

நோயின் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இருக்கிறது அல்லவா? அதற்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. கைக்குப் போகும் நரம்புகள், ரத்தம் கொண்டுபோகும் தமனி, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். அங்கே இடம் போதாமல் நசுங்கினால் கை மரத்துப்போகும், வலிக்கும், பலமிழக்கும். பெரும்பாலானவர்களுக்கு நசுங்குவது நரம்பு. எனக்கும் அதுதான்.

பரீட்சையில் அரை மணி நேரம் எழுதினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றால் கை என்னுடையது மாதிரியே இருக்காது. எக்ஸ்ரே எடுத்தோம், எல்லாம் சரி என்றார்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படியே. "பரீட்சை பயம்" என்றார் ஒருவர். "செல்போனைக் குறை" என்றார் இன்னொருவர். ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒரு நாள் அப்பாவே, "எழுத சோம்பேறித்தனமாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். இந்த "சோம்பேறி" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம்

சிலருக்குக் கழுத்திலிருந்தே ஒரு விலா எலும்பு கூடுதலாக முளைத்திருக்கும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே இது உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற மருத்துவர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த எலும்பால்தான் கை கெடுகிறது என்று அதை வெட்டி எடுக்க 1861 வரை ஆனது. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் என்பவர் அதைச் செய்தார். மயக்க மருந்து வந்து பதினைந்தே வருடம் ஆகியிருந்த காலம் அது. கிருமிநாசினியை வைத்து அறுவை செய்யும் லிஸ்டரின் முறை 1867இல்தான் வெளிவந்தது. அதற்கு ஆறு வருடம் முன்பே கழுத்தைத் திறந்து, நரம்புகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவிலிருந்து எலும்பை எடுத்திருக்கிறார். நினைத்தாலே எனக்குத் தோள்பட்டை கூசுகிறது.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். கூடுதல் எலும்பு படத்தில் தெரிந்தது, டாக்டர்களும் நம்பினார்கள். கூடுதல் எலும்பே இல்லாமல் இதே வலியோடு வந்தவர்கள் கதி? 1910இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மர்ஃபி என்பவர், பார்வைக்குக் குறையில்லாத முதல் விலா எலும்பையே எடுத்து ஒரு நோயாளிக்கு நிவாரணம் கொடுத்தார். ஆனால் அந்த வழி பரவவில்லை. 1927இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆட்சனும் காஃபியும், எலும்பை எடுக்க வேண்டாம், கழுத்தில் உள்ள ஸ்கேலீன் தசையை வெட்டினாலே போதும் என்றார்கள். சின்ன ஆபரேஷன் என்பதால் முப்பது வருடங்களுக்கும் மேல் அதுவே செல்லுபடியானது. பலருக்கு வலி திரும்பி வந்தது.

1956இல் அதே மேயோ கிளினிக்கில் பீட் என்பவரும் சக மருத்துவர்களும்தான் இன்றைய பெயரை வைத்தார்கள். அவர்கள் எழுதிய கட்டுரை ஆபரேஷனைப் பற்றியது அல்ல, உடற்பயிற்சியைப் பற்றியது! இன்றும் நரம்பு நசுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் பிசியோதெரபிதான். அது பலிக்காவிட்டால்தான் கத்தி.

1962இல் கிளாகெட் என்ற அறுவை மருத்துவர், எல்லா வகை நசுங்கலுக்கும் பொதுவான ஆசாமி முதல் விலா எலும்புதான், அதை எடுங்கள் என்றார். ஆனால் அவர் போன வழி முதுகுப் பக்கம். பெரிய தசைகளை வெட்டிக்கொண்டு போக வேண்டும். 1966இல் டேவிட் ரூஸ், அக்குள் வழியாகப் போகலாம் என்று காட்டினார். பெரிய தசை எதையும் வெட்ட வேண்டியதில்லை. எனக்குச் செய்ததும் இந்த வழிதான். பெயர் தெரியாமல் இருந்தவருக்கு இப்போது நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் வரலாறு இங்கே சுபம் போடவில்லை. வழி எளிதானதும் ஆபரேஷன்கள் பெருகின. தேவையில்லாதவர்களுக்கும் செய்தார்கள். சிலருக்கு ஆபரேஷனிலேயே நரம்பு சேதமானது. 1990இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இந்த நோயைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றார் ரூஸ். இல்லாதவர்களுக்கெல்லாம் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றார் வில்பர்ன் என்ற நரம்பியல் மருத்துவர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் சிக்கல்.

சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்

இப்போது அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய ஒருவரின் கதை. பெயர் ஜே. ஆர். ரிச்சர்ட். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் பந்து வீச்சாளர். ஆறடி எட்டு அங்குலம் உயரம். பேஸ்பாலில் மட்டைக்காரரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது பெரிய விஷயம். 1978இல் 303 பேரையும் 1979இல் 313 பேரையும் அப்படி வெளியேற்றியவர் இவர்.

1980இல் கை செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஆனால் வீசும்போது பந்து இன்னும் பறந்தது. அந்த ஜூலையில் ஆல்ஸ்டார் ஆட்டத்தையே தொடங்கி வைத்தார். பிறகு யார் நம்புவார்கள்? சோம்பேறி, நடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. பத்திரிகைகளிலும் அப்படியே வந்தது. ஜூலை கடைசி வாரத்தில் மருத்துவமனையில் சோதித்தபோது வலது கைத் தமனியில் அடைப்பு தெரிந்தது. உடனே ஆபரேஷன் தேவையில்லை என்று முடிவானது. ஜூலை 30 அன்று மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வயது 30.

அவருக்கு வந்தது தமனி நசுங்கும் வகை, அபூர்வமானது, ஆபத்தானது. கழுத்துத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியை அன்றிரவே எடுத்தார்கள். பிறகும் ஆபரேஷன்கள் நடந்தன. திரும்பி வர முயன்றார், பெரிய ஆட்டங்களுக்கு அவரால் வரவே முடியவில்லை. 1984இல் அணி அவரை விடுவித்தது. பணம் கரைந்து, 1990களின் நடுவில் ஹூஸ்டனில் ஒரு பாலத்தடியில் தங்கும் நிலைக்கு வந்தார். பிறகு மீண்டு, மதப் போதகராக வாழ்ந்து, 2021இல் காலமானார்.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். கென்னி ராஜர்ஸ் என்ற வீச்சாளருக்கு 2001இல் இதற்காக விலா எலும்பை எடுத்தார்கள். 2006 உலகத் தொடரில், 41 வயதில், எட்டு இன்னிங்ஸ் வீசி எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 டிசம்பரில் ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2021இல் இந்த ஆபரேஷன். பணமும் சிறந்த மருத்துவமும் இருந்தும் அதன் பிறகு ஒரே ஒரு பெரிய ஆட்டம்தான் வீச முடிந்தது. 2024இல் ஓய்வு பெற்றார்.

ஆக, நம்பினால் கை சரியாகிவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரிச்சர்ட் சாட்சி. எங்கள் கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, ஆனாலும் சொத்து என்று எழுதிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வலியை எழுத மட்டும் நம்மிடம் பத்தி இல்லை. சோம்பேறித்தனம் என்ற தலைப்பில் பற்று வைத்துவிடுகிறோம். நம்புவது என்றால் உடனே கத்தியை எடுப்பது அல்ல. வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, காரணத்தைப் பொறுமையாகத் தேடுவது. 1990 சண்டையில் நான் கற்றது அவ்வளவுதான்.

என் நிலைமையைக் கேட்டால்... சுண்டு விரலில் மரப்பு பாதி குறைந்திருக்கிறது. அக்குளுக்குக் கீழே தோல் இன்னும் உணர்ச்சியில்லாமல் இருக்கிறது. தினம் மூன்று வேளை மூச்சுப் பயிற்சி, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. கனமாக எதையும் தூக்கக் கூடாது. சேதமான நரம்பு வளர்ந்தால் நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். கழுத்திலிருந்து விரல் நுனிவரை 75 சென்டிமீட்டர் என்று வைத்தால் இரண்டு வருடம். இதில் கூட்டு வட்டி கிடையாது! என் நரம்பு அவ்வளவு கெடவில்லை, சில மாதங்களில் தெரியும் என்கிறார் டாக்டர்.

போன வாரம் ரிச்சர்ட் கதையை அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து பயிற்சி நேரத்தில் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிறார். பத்து முடிந்ததும் நான் நிறுத்தினால், "வலிக்குதாப்பா? வலிச்சா போதும், விடு" என்கிறார்.

ஒன்றரை வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது.