'ஹோட்டல் கலிஃபோர்னியா' இல்லாத ஈகிள்ஸ் ஆல்பம்... அமெரிக்காவில் நம்பர் 1 ஆன கதை!

ஈகிள்ஸ்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 'ஹோட்டல் கலிஃபோர்னியா'தான். ஆனால், அந்த ராக் இசைக்குழுவின் ஆல்பங்களில் அமெரிக்காவில் அதிகம் விற்றதில் அந்தப் பாட்டே கிடையாது!

1976 பிப்ரவரியில் வந்த 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971-1975'தான் அது. முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து பொறுக்கியெடுத்த 10 பாடல்கள். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வந்ததே அந்த வருஷ டிசம்பரில்தான். 2018-ல் இந்தத் தொகுப்புக்கு 38 பிளாட்டினம் சான்று கிடைத்தது. அதாவது, ஸ்ட்ரீமிங் கணக்கையும் சேர்த்து 3.8 கோடி பிரதிகள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இரண்டாம் இடத்துக்குப் போச்சு.

இத்தனைக்கும் இசைக்குழுவின் டான் ஹென்லிக்கு இந்தத் தொகுப்பு பிடிக்கவே இல்லை. அவர் வருத்தத்தில் நியாயமும் இருக்கு. 1973-ல் வந்த 'டெஸ்பராடோ' ஆல்பம், பழைய மேற்கு அமெரிக்கக் கொள்ளையர்களைப் பற்றிய ஒரே கதை. அதிலிருந்து இரண்டு பாட்டை மட்டும் பிய்த்தெடுத்தால் கதை என்னாவது?

ஆனால், கேட்கிறவர்களுக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது. 'டேக் இட் ஈஸி'யில் ஜாலியாகக் கிளம்பும் கார் மாதிரி ஆரம்பிக்கும். 'லையின் ஐஸ்' 6 நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரு சிறுகதை. பணக்காரக் கணவனிடம் பொய் சொல்லிவிட்டுக் காதலனைத் தேடிப் போகும் பெண், கடைசியில் அவளுக்கு மிஞ்சும் வெறுமை... எல்லாம் அதில் இருக்கு. 'டேக் இட் டு த லிமிட்' முடிவில் ராண்டி மைஸ்னர் தொடும் உச்சஸ்தாயிக்கு ஹெட்போன் அவசியம். சிங்கிளாக வெளிவராத 'டெஸ்பராடோ' பாட்டையும் உள்ளே சேர்த்தது, சத்தியமா நல்ல முடிவு.

ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க. 'டெஸ்பராடோ' பிடிச்சிருந்தா, அந்த 1973 ஆல்பத்தையும் முழுசா ஓடவிடுங்க. ஹென்லி ஏன் கோபப்பட்டார்னு அப்போ புரியும்.