பெயரற்றவர்களின் மாநாடு

மாநாடு என்றதும் நம் நினைவில் எழுபவை மேடையும் மாலையும் தலைவர் பெயர் தாங்கிய வளைவுகளும்தாம். தலைவர் எவருமின்றி, வந்தவர்தம் முழுப்பெயரும் கேட்கப்படாமல் ஒரு மாநாடு கூட இயலுமா?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச்சந்தைத் தொழில் செய்த பில்லும் அறுவை மருத்துவரான பாப்பும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசுவதே இருவரையும் காக்கிறது என்று கண்டுகொண்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை அவ்வாறு பிறந்தது.

ஆனால் முன்னோர் கதை அச்சமூட்டுவது. 1840இல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் பெருந்திரளை ஈர்த்தது. பொதுப் பூசல்களில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே சிதறிப்போனது.

1950 ஜூலையில் க்ளீவ்லாந்தில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டில் இதற்கு விடை கிடைத்தது. பன்னிரண்டு மரபுகள் அங்கே ஏற்கப்பட்டன. வெளியார் பணம் கூடாது. பொது விவாதங்களில் கட்சி சேரக்கூடாது. ஊடகத்தில் உறுப்பினர் பெயர் வெளிவரக்கூடாது என்பன அவற்றுட் சில. புற்றுநோயால் நலிந்திருந்த பாப், எளிமையையும் அன்பையும் தொண்டையும் பற்றிச் சில நிமிடங்களே பேசினார், நவம்பரில் மறைந்தார். 1955இல் செயிண்ட் லூயிஸ் மாநாட்டில் பில் தம் பொறுப்பைத் தோழமையிடமே ஒப்படைத்தார்.

இன்று வட்டாரந்தோறும் நிகழும் மாநாடுகள் அம்மரபின் விழுதுகள். செலவை உறுப்பினரே ஏற்கின்றனர். பல்லாண்டுகளாகக் குடியாதவரும் நேற்றுவரை குடித்தவரும் அருகருகே அமர்கின்றனர். தன்னைப்போல் வீழ்ந்தவர் பிழைத்திருப்பதைப் புதியவர் கண்ணால் காண்கிறார். அவர் பெயர் என்னவாயிருந்தால் என்ன?