தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பிரமா அழுத்தியின் படத்தைப் பள்ளியில் நீங்கள் வரைந்திருப்பீர்கள். சிறிய உருளை ஒன்று, பெரிய உருளை ஒன்று, இடையே ஒரு குழாய். தேர்வுக்கு அது போதும். ஆனால், தூக்கிய பாரம் பாதி உயரத்தில் தொங்கும்போது உருளை உடைந்தால் என்ன ஆகும்? எந்த வினாத்தாளும் கேட்காத இந்தக் கேள்வி, 1849 ஆகஸ்டு 17-ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் எழுந்தது.

அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் கருத்து, அவர் மறைந்த மறு ஆண்டில், 1663-இல், நூலாக வெளிவந்தது. அதை எந்திரமாக்கிக் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிரமா (1795). அவர் பூட்டுச் செய்வதில் பேர்பெற்றவர். உந்துதண்டைச் சுற்றி நீர் கசிவதே அவருக்குப் பெரும் தலைவலி. அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும் தோல் வளையம் அதைத் தீர்த்தது.

மெனாய் நீரிணையில் இராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய பிரிட்டானியா பாலத்தில், ரயில் ஓடுவதற்கென்றே பிரம்மாண்டமான இரும்புக் குழல்கள் அமைந்தன. பெரிய குழல் ஒன்று 1,500 டன்னுக்கும் மேற்பட்ட எடை. அதை நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 அடி தூக்க வேண்டும். கோபுரங்களின் உச்சியில் அழுத்திகள். அவற்றிலிருந்து தொங்கும் சங்கிலிகளில் குழல். ஒவ்வொரு வீச்சிலும் 6 அடி உயரும். ஸ்டீவன்சன் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகச் சொன்னார்: குழல் அங்குலம் அங்குலமாக உயர உயர, அதன் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வேலை தாமதப்படும்தான். அவர் பொருட்படுத்தவில்லை.

அன்று உருளையின் அடிப்பாகம் பெயர்ந்து விழுந்தது. குழலின் அந்த முனை ஓரடிக்கும் குறைவாகவே இறங்கி, முட்டின்மேல் அமர்ந்தது. ஆனால் விழுந்த இரும்பு, நூலேணியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியைக் கொன்றுவிட்டது.

ஏன் உடைந்தது? உந்துதண்டின் விட்டம் 20 அங்குலம். பம்பின் தண்டு சுமார் 1 அங்குலம் என்று கொண்டால், விசை 400 மடங்காகிறது. தண்டை மேலே தள்ளும் அதே அழுத்தம் உருளையின் அடியையும் கீழே தள்ளுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பாஸ்கல் விதி பாரபட்சம் பார்ப்பதில்லை அல்லவா? அந்த அடி தட்டையாக, கூரிய மூலைகளுடன் வார்க்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது; மூலைகளிலேயே அது விட்டுவிட்டது. பின்பு அரைக்கோள வடிவில் அடி வார்த்தார்கள், அது நிலைத்தது.

நீருக்குப் பதில் எண்ணெயைக் கொண்டு காரைத் தூக்கும் மேடைகள் 1920-களில் அமெரிக்காவில் பரவின. இன்று வீட்டுக் கொட்டகைகளிலும் இரு தூண் மேடைகள் நிற்கின்றன. ஸ்டீவன்சனின் முட்டு இங்கே தூணுக்குள் எஃகுப் படிகளாக இருக்கிறது. மேடை உயரும்போது ஒவ்வொரு படியிலும் தாழ் விழும் ஓசை கேட்கும். ஓசை கேட்டதும் உள்ளே போய்விடாதீர்கள். அப்போதும் பாரம் எண்ணெயின் மேல்தான் இருக்கிறது. சற்றே இறக்கி, இரு பக்கமும் தாழின்மேல் அமர்ந்ததைப் பார்த்த பின்பே காருக்கடியில் நுழையுங்கள். அப்படி அமர்ந்திருக்கையில் எண்ணெய்க் குழாய் வெடித்தால் தரை அழுக்காகும், கார் அசையாது. அந்நிலையில் தாழை நெம்பி எடுத்து மேடையை இறக்க முயல வேண்டாம். பழுதுபார்ப்பவர் வரும்வரை கார் மேலேயே இருக்கட்டும்.