எல்லைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கோடி பல்பு

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கெல்லாம் வரும். அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

எங்க ஊர் ஆரம்பாக்கம் தமிழ்நாட்டோட கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, அது ஆந்திரா. வெயில் ஒண்ணு, புழுக்கம் ஒண்ணு, பழவேற்காடு ஏரிக் காத்தும் ஒண்ணுதான். ஆனா மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் ஆந்திராவுக்குப் போன எல்.ஈ.டி. பல்பு 2 கோடிக்கும் மேலே. ஆந்திராவை விட மக்கள்தொகை அதிகம் உள்ள தமிழ்நாட்டுக்கு வந்தது அரைக் கோடிகூட இல்லை. ஏன் இப்படின்னு தோண்டிப் பார்த்ததில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

2009ல் பசத் லேம்ப் யோஜனா என்று ஒன்று வந்தது. குண்டு பல்பைக் கொடுத்துட்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். வாங்கிக்கலாம். மிச்ச விலையை கார்பன் கிரெடிட் வித்து எடுத்துக்கிறதா ஏற்பாடு. ஐடியா என்னவோ பிரமாதம்தான். ஆனா உலகச் சந்தையில் 2012ல் கார்பன் கிரெடிட் விலை தரைமட்டத்துக்குப் போக, இதுவும் கூடவே படுத்துடுச்சு.

அடுத்து களத்தில் இறங்கியது ஈ.ஈ.எஸ்.எல். என்ற பொதுத்துறை கம்பெனி. என்.டி.பி.சி., பவர் கிரிட் உள்பட நாலு அரசு நிறுவனங்கள் சேர்ந்து 2009ல் ஆரம்பிச்சது. இவங்க செஞ்ச வேலை ரொம்ப சிம்பிள். கோடிக்கணக்கில் மொத்தமா ஆர்டர் கொடுத்து விலையை அடிச்சாங்க. 2014 ஆரம்பத்தில் ஒரு பல்பு 310 ரூபாய்க்கு வாங்கினது, 2016ல் 38 ரூபாய்க்கு வந்துடுச்சு! நம்ம ரங்கநாதன் தெருவில்கூட இப்படி ஒரு பேரம் நடந்திருக்காது. பட்ஜெட்டில் இருந்து மானியம் கிடையாது என்பதுதான் இதில் விசேஷம். சில மாநிலங்களில் ஜனங்க முதலில் 10 ரூபாய் கொடுத்தா போதும், மிச்சம் மாசம் 10 ரூபாயா கரண்ட் பில்லில் ஏறும். வேறு சில இடங்களில் மிச்சமாகும் கரண்ட் காசில் இருந்து மின்வாரியமே கொடுத்துடும்.

முதலில் போனது நம்ம பக்கத்துப் புதுச்சேரி, 2014 பிப்ரவரி. அந்த வருஷக் கடைசியில் ஆந்திரா. வீட்டுக்கு ரெண்டு, ஒண்ணு 10 ரூபாய். 2015 ஜனவரியில் நாடு முழுக்கத் திட்டம் விரிஞ்சது. தமிழ்நாட்டு போஸ்ட் ஆபீஸ்களில் 70 ரூபாய்க்கு இந்த பல்பு வித்தது 2017ல். அதுக்குள்ள கடைகளிலேயே எல்.ஈ.டி. மலிஞ்சு போச்சு. ஆக, நாம வாங்கினது வேற பல்பு :-)

அப்ப தமிழ்நாடு அந்த வருஷங்களில் என்ன பண்ணிக்கிட்டு இருந்தது? கரண்டை மிச்சம் பிடிக்கக் காசு கொடுக்கிறதை விட, செலவு பண்ணத்தான் அதிகமா கொடுத்துக்கிட்டு இருந்தது. 2006ல் கலர் டிவி. 2011 செப்டம்பர் 15ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். அந்த விழா நடந்ததும் எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். இதைக் கிண்டலுக்குச் சொல்லலை. கிரைண்டர் வந்ததில் எங்க தெருப் பெண்களின் கைவலி குறைஞ்சதை நேரில் பார்த்தவன் நான். ஆனா அடுத்த வருஷமே, 2012ல், சென்னைக்கு 2 மணி நேரமும் மத்த மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கு மேலயும் பவர் கட் இருந்ததும் உண்மை. கிரைண்டர் இருக்கு, கரண்ட் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் கதை இன்னும் வேடிக்கை. 2008 நவம்பரில் இருந்து உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. உலை வைத்து இரும்பு உருக்குகிற இடங்கள் என்ன பண்ணும்? சிறு தொழில்களுக்கு ஜெனரேட்டர் வாங்க 25 சதவீத மானியம் இருந்தது. டீசல் குடிக்கிற மெஷினுக்கு! மின்சாரம் எங்கே வீணாகுதுன்னு தணிக்கை செய்யவும் மானியம் உண்டு, செலவில் 75 சதவீதம், 1 லட்சம் வரை. ஆனா கரண்ட் போய் ஷிஃப்ட் நின்னுக்கிட்டு இருக்கும்போது ஒரு முதலாளி எதுக்கு முதலில் ஓடுவார்? நானா இருந்தாலும் ஜெனரேட்டருக்குத்தான் ஓடுவேன்.

விவசாயம் தனிக் கதை. 1990ல் இருந்து எல்லா விவசாயிக்கும் பம்ப்செட் கரண்ட் இலவசம். பழைய மோட்டாரை மாத்தினா மிச்சமாகும்னு 2010 சுதந்திர தின உரையில் கலைஞர், சிறு குறு விவசாயிகளுக்கு இலவசமா புது பம்ப்செட், மத்தவங்களுக்குப் பாதி விலை என்று அறிவித்தார். நல்ல திட்டம். ஆனா மோட்டார் எத்தனை யூனிட் இழுத்தாலும் பில் சைபர்னா, ஓடுகிற மோட்டாரைக் கழட்ட யாருக்கு மனசு வரும்?

வீட்டுக்கும் இதே விஷயம்தான். 2016 மே 23ல் ஜெயலலிதா பதவியேற்றதும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்து போட்டார். இங்கே ஒரு சின்ன கணக்கு. 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்.ஈ.டி.யா மாத்தி, தினம் 5 மணி நேரம் எரிச்சா, ரெண்டு மாசத்தில் 15 யூனிட் மிச்சம். நூறுக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு இதனால் ஒரு பைசா லாபம் இல்லை. லாபம் முழுக்க மின்வாரியத்துக்கு. யூனிட்டுக்கு 5 ரூபாய்னு வெச்சாலும் 75 ரூபாய். அதாவது 38 ரூபாய் பல்பை வாரியமே சும்மா கொடுத்திருந்தாலும், அடுத்த ரீடிங்குக்குள்ள போட்ட காசு ரெண்டு மடங்கா திரும்பி வந்திருக்கும். இலவசம் கொடுக்கிறதில் பேர் வாங்கின ஊரில், கொடுத்திருக்க வேண்டிய ஒரு இலவசத்தை விட்டுட்டோமேங்கிறதுதான் என் ஆதங்கம்.

'எங்க வீட்டில் எப்பவோ டியூப் லைட்டும் சி.எஃப்.எல்.லும் வந்தாச்சு'ன்னு சிலர் சொல்லலாம். நியாயம்தான். சி.எஃப்.எல்.லில் இருந்து மாறினா மிச்சம் ரொம்பக் கம்மி. ஆனா குண்டு பல்பு கடைசி வரை எரிஞ்சது வசதியான வீடுகளில் இல்லை. இந்தத் திட்டம் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியதும் அந்த வீடுகளுக்குத்தான்.

2024ல் வந்த சூர்ய கர் திட்டத்திலும் இதே வாசனை அடிக்குது. கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டா 78,000 ரூபாய் மானியம். குஜராத் முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கு. எங்க தெருவில் இதுவரை ஒரே ஒரு வீட்டில்தான் பேனல் ஏறியிருக்கு. அந்த வீட்டில் ரெண்டு ஏசி.