கட்டிடங்களில் உஷ்ணநிலையும் நீரோட்டமும் அளத்தல்

பெரிய கட்டிடங்களைக் குளிர்விக்கவும் வெப்பமூட்டவும் குழாய்களின் வழியே சுழன்றுவரும் நீர் எவ்வளவு வெப்பசக்தியைச் சுமந்து செல்கிறதென்பதை, அதன் ஓட்டத்தையும், அது புறப்படும்போதும் திரும்பும்போதும் கொண்டுள்ள உஷ்ணநிலைகளையும் அளந்து கணித்தறியும் முறை. விநாடிதோறும் ஓடும் நீரின் நிறையை, அதன் தன்வெப்பத்தாலும் இரு உஷ்ணநிலைகளின் வித்தியாசத்தாலும் பெருக்க வருவதே அந்தச் சக்தியின் வீதமாகும். சில்லர் எனப்படும் குளிர்விப்பு யந்திரத்திலிருந்து 7 டிகிரி செல்சியஸில் புறப்பட்ட நீர், அறைகளின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு 12 டிகிரியில் திரும்பி, விநாடிக்கு 10 லிட்டர் ஓடுமாயின், அது சுமந்துவந்த வெப்பம் சுமார் 209 கிலோவாட். குளிர்சாதனத் துறையினர் குளிர்விப்புத் திறனைக் குறிக்கும் ‘டன்’ என்னும் அலகில் அது ஏறக்குறைய 60 டன்.

வரலாறு: உஷ்ணமானியின் சரித்திரம் பலரும் அறிந்தது. 1714-இல் பாரன்ஹீட் பாதரச உஷ்ணமானியைத் திருத்தமாக அமைத்தார். 1742-இல் செல்சியஸ் நூறு பிரிவுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1871-இல் வில்லியம் சீமன்ஸ் பிளாட்டினக் கம்பியின் மின்தடையைக் கொண்டு உஷ்ணத்தை அளக்கலாமென்று எடுத்துரைக்க, 1887-இல் காலண்டர் என்பவர் அதனை நம்பத்தக்க சாதனமாக்கினார்.

நீரோட்டத்தை அளக்கும் கலையின் வரலாறோ இதனினும் சுவை மிக்கது. 1732-இல் ஆன்ரி பிட்டோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், நேரான குழாய் ஒன்றையும் அடிமுனை வளைந்த குழாய் ஒன்றையும் ஒருங்கே பாரிஸ் நகரில் ஸேன் நதியில் இறக்கி, வளைந்த வாய் ஓட்டத்தை எதிர்நோக்குமாறு திருப்பினார். அதனுள் நீர்மட்டம் மேலெழுந்து நின்ற உயரமே நதியின் வேகத்திற்குச் சாட்சியாயிற்று. ஆழம் கூடக்கூட வேகமும் கூடும் என்று அக்காலத்து அறிஞர் பலர் கொண்டிருந்த கொள்கை அச்சிறு கருவியின் முன் நில்லாது ஒழிந்தது. 1797-இல் இத்தாலியரான வெஞ்சூரி, குறுகிய கழுத்துடைய குழாயில் ஓட்டம் விரைய அழுத்தம் குறைவதை ஆராய்ந்து வெளியிட்டார். அத்தத்துவத்தை, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, கிளெமென்ஸ் ஹெர்ஷல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பெருங்குழாய்களின் நீரை அளக்கும் மானியாக உருவாக்கினார். 1832-இல் மைக்கேல் பாரடே, லண்டன் வாட்டர்லூ பாலத்தில் நின்று தேம்ஸ் நதியில் உலோகத் தகடுகளை அமிழ்த்தி, பூமியின் காந்தப்புலத்தைக் கடந்து பாயும் நீரில் மின்னழுத்தம் தோன்றுகிறதாவென்று சோதித்தார். அந்நாளைய கருவிகளால் அது தெளிவாகப் புலப்படவில்லையெனினும், அவருடைய யுக்தியே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மின்காந்த ஓட்டமானியாகப் பலித்தது.

வகைகள்: ஓட்டமானிகள் முக்கியமாக நால்வகைப்படும். வெஞ்சூரிக் குழாயும் துளைத்தகடும் அழுத்த வித்தியாசத்தால் அளப்பவை; நீர் சுழற்றும் சக்கரத்தின் சுற்றுக்களை எண்ணுபவை இரண்டாம் வகை; மின்காந்த மானி, அசையும் உறுப்பு யாதொன்றுமின்றி மின்கடத்தும் நீரை அளப்பது; மீயொலி மானி, ஓட்டத்தோடு செல்லும் ஒலிக்கும் எதிர்த்து வரும் ஒலிக்கும் உள்ள கால வித்தியாசத்தைக் கொள்வது. குழாயின் புறத்தே கட்டும் மீயொலி மானி பரிசோதனைக்கு உபயோகமானதே. நிரந்தரக் கணக்கிற்குக் குழாயைத் துண்டித்து இடையிற் பொருத்தும் மானியே உத்தமம்.

பிழைகள்: உஷ்ணநிலை வித்தியாசமே இக்கணக்கின் பலவீனமான அங்கம். உஷ்ணமானிகள் இரண்டும் தலைக்கு 0.3 டிகிரி எதிரெதிர்த் திசையிற் பிழைபட்டால், 5 டிகிரி வித்தியாசத்தில் 0.6 டிகிரி தவறி, கணக்கு நூற்றுக்கு 12 பங்கு பொய்த்துவிடும். ஆகவேதான் இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்து இணையாகவே பொருத்துகின்றனர். உஷ்ணமானியைத் தாங்கும் உலோக உறை நீரோட்டத்தின் நடுப்பகுதிக்கு எட்டாது சுவரோரத்திலேயே நின்றுவிட்டாலும், உறைக்குள் வெப்பங்கடத்தும் பசை இடாமல் காற்றுத் தங்கிவிட்டாலும், மானி காட்டுவது நீரின் உஷ்ணத்தோடு யந்திரசாலையின் உஷ்ணமும் கலந்ததேயாகும். ஓட்டமானிக்கு முன்னே குழாயின் விட்டத்தைப் போல் பத்து மடங்கும், பின்னே ஐந்து மடங்கும் நேரான குழாய் விடுவது பொதுவான வழக்கம். வளைவுக்கும் வால்வுக்கும் அடுத்தாற்போல் மானியை வைப்பின், கலங்கிச் சுழலும் ஓட்டம் அதனை ஏமாற்றிவிடும். நீர் உறையாதிருக்கச் சேர்க்கும் கிளைக்கால் என்னும் திரவம் அதில் கலந்திருப்பின், தன்வெப்பமும் அடர்த்தியும் மாறுவதால் கணக்கையும் மாற்றுதல் வேண்டும்.

தற்கால நிலை: இவ்வளவைகள் மின்னணுக் கணிப்பானில் சேர்ந்து, கட்டிட நிர்வாக அமைப்புக்குச் செல்கின்றன. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியைப் போல் மைய நிலையத்திலிருந்து பல கட்டிடங்களுக்குக் குளிர்நீர் வழங்கும் இடங்களில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நியாயம் வழுவாதிருப்பது இவ்வளவையின் திருத்தத்தையே பொறுத்தது.