கேட்பதற்கு ஒரு காது: கீழ்ப்பாக்கத்திலிருந்து 14416 வரை



பழைய மாணவர் ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம். தறி வீட்டுப் பிள்ளை. "ஐயா, கடன், வீட்டில் தினமும் சண்டை, ராத்திரி தூக்கம் இல்லை. போனிலேயே மனநல ஆலோசனை கேட்கலாம் என்கிறார்கள். கேட்டால் என்னைப் பைத்தியம் என்று எழுதிக்கொள்வார்களா?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்? கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1794இல் கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கொனொலி சென்னையில் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. உயர்ந்த மதில், பூட்டிய கதவு. அதன்பின் "கீழ்ப்பாக்கம்" என்பது நம் பேச்சில் ஒரு வசவாகவே ஆகிவிட்டது. வகுப்பில் நீங்களே ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டு என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். மனசு சரியில்லை என்று வாய் திறந்தால் அந்த மதிலுக்குள் தள்ளிவிடுவார்கள் என்ற அச்சம் தாத்தா காலத்திலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மதிலை முதலில் தளர்த்திய இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1950களில் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்று வழக்கம் வைத்தார்கள். மருந்து நோயாளிக்கு, பாடம் குடும்பத்துக்கும் சேர்த்து. அதே பத்தாண்டில் வேறொரு மாற்றம் லண்டனில் நடந்தது.

அங்கே சாட் வாரா என்றொரு பாதிரியார். 1935இல் அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு 14 வயதுச் சிறுமியுடையது. வயதுக்கு வந்ததை ஏதோ கேவலமான நோய் என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்ட குழந்தை. அது அவர் மனதை விட்டு அகலவில்லை. 1953 நவம்பரில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, "மனக்கஷ்டம் உள்ளவர்கள் கூப்பிடலாம்" என்று அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். சில நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசியே பலர் மனம் லேசாகிவிடுகிறது. உள்ளே வந்து அவரைப் பார்க்க வேண்டிய தேவையே பலருக்கு இருக்கவில்லை. 1954 தொடக்கத்தில் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு பிறந்தது அப்படித்தான்.

இங்கே நில்லுங்கள். இந்தச் சேவை பைத்தியத்துக்காக ஏற்பட்டதே இல்லை. சாதாரண மனிதரின் சாதாரணக் கஷ்டத்தை இன்னொரு சாதாரண மனிதர் குறுக்கே பேசாமல் கேட்பதில்தான் இது தொடங்கியது.

அந்த வழியில் 1974இல் கொழும்பில் 'சுமித்ரயோ' வந்தது. 1986 ஏப்ரலில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வைத் தொடங்கினார். அன்றைக்குத் தொலைபேசி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமிருந்த காலமும்கூட. அதனால் வீட்டார் வாயைத் திறக்கமாட்டார்கள். பெயரும் ஊரும் சொல்லாமல் பேச ஓர் எண் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். இந்தச் சட்டக் கத்தியை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மழுங்கடித்தது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது.

தொலைவிலிருந்தே வைத்தியம் என்பதற்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் திரை, கேமரா, பக்கத்தில் மருந்துக்கடை. நோயாளி ஊரிலேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்துக்கு அரசு முறைப்படி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கல்யாணங்கள் தள்ளிப்போய்ச் சேலைகள் தேங்கி, நம் ஊர்த் தறிகள் ஓய்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில், மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொடங்கியது. அதே மாதம் தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வந்தது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் மட்டும் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். 2024இல் காணொளி வசதி வந்தபோது தொடக்கத்திலேயே அதைப் பெற்ற மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று.

சரி, ஆரணிக்கு வருவோம். நம் தெருக்களில் தறியும் குடும்பமும் ஒரே கூடத்தில். கணவர் குழித்தறியில், மனைவி தார் சுற்றுகிறார், மாமியார் பக்கத்தில், பிள்ளை அங்கேயே படிக்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் எல்லோர் தலைக்கும் மேலே தொங்குகிறது. தறிச் சத்தத்தில் சண்டைகூடப் பாதிதான் கேட்கும், பிறகு எங்கே மனம் விட்டுப் பேசுவது? சொந்தக்காரரிடம் சொன்னால் மறுநாள் பந்தியில் பரிமாறிவிடுவார்கள். (உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படித்தான்.) முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவதன் அருமை இங்கேதான். மொட்டை மாடிக்கோ, கமண்டல நாகநதிக் கரைக்கோ நடந்துபோய்ப் பேசுங்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆலோசகர் கடனை அடைக்கமாட்டார், கூலியை உயர்த்தமாட்டார். அவற்றுக்குச் சங்கமும் அரசும்தான். ஆனால் பாவு சிக்கினால் வெட்டி எறிவதில்லையே, ஒவ்வோர் இழையாகப் பிரிக்கிறோம். கடன் எது, குடி எது, கோபம் எது, தூக்கமின்மை எது என்று பிரித்துப் பார்க்க அவர் துணையிருப்பார். தூக்கமும் கோபமும் கொஞ்சம் சீரானால் கடனைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியும். கட்டணம் வாங்கும் தனியார் செயலிகளில் பேசுவதானால், எதிரே இருப்பவரின் படிப்பையும் பதிவையும் முதலில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 14416, அல்லது சிநேகா 044-24640050. பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள். ஆபத்து என்றால் 108.

இரண்டு எண்களையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் தறிக்கு மேலே நாட்காட்டி மாட்டியிருப்பீர்கள், அதன் ஓரத்திலும் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பார்த்துக்கொண்டே நெய்யும் யாருக்கோ ஒருநாள் தேவைப்படலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்