பழைய இல்லங்களைப் பேணுவோம்

யூபிலி ஆண்டில் ஆலயத்தின் வரலாற்றை எழுதி மகிழ்வது நம் மரபு. ஆலயத்தைச் சூழ்ந்து நிற்கும் வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆகவே, புதுச்சேரி நகரின் பழைய இல்லங்களைப் பற்றியும், அவற்றைப் பேண வேண்டிய முறையைப் பற்றியும் இம்மலரில் சில கூற விழைகிறோம்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் இந்நகர் ஒரு கால்வாயால் இரு கூறாய்ப் பிரிந்திருந்தது. கடற்பக்கம் ஐரோப்பியர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். ஐரோப்பியர் வீடுகளுக்கு உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் இருந்தன. தமிழர் வீடுகளுக்கோ தெருவை நோக்கிய தாழ்வாரமும், வருவோர் அமரத் திண்ணையும், உள்ளே முற்றமும் இருந்தன. நாளடைவில் இருமுறையும் கலந்தன. ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாய் விளங்கியவரும், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில், கீழ்த்தளம் தமிழர் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைக் காணலாம்.

இவ்வீடுகள் செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகிய மூன்றால் எழுந்தவை. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பைப் பக்குவப்படுத்தினர். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மேற்கூரைக்கு, மரச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாய் அடுக்கினர். அதன்மேல் சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்தனர்.

சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சினாலும், அதனைக் காற்றிலே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. சுவருக்குள் செருகிய உத்திரத்தின் முனை உளுத்துப் போகிறது. உடனே, "வீடு பழசாகிவிட்டது, இடித்துவிடலாம்" என்கிறோம். வீட்டைக் கெடுத்தது முதுமையன்று, பொருந்தாத மருந்தே என்பதை உணர்வதில்லை.

கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கும் இந்நகரிலேயே சான்று உண்டு. 1870ஆம் ஆண்டளவில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழைக்காலத்தில் இடிந்து வீழ்ந்தது. பழைய சாயலிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. சாயலை மீட்கலாம், முன்னோர் கையால் வைத்த கல்லை மீட்க இயலாது.

பேணினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வைசியாள் வீதி. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இன்டாக் அமைப்பின் துணையோடு அவ்வீதி வீடுகளின் முகப்புகள் சீர்செய்யப்பட்டன. மறைந்துபோன தாழ்வாரங்கள் மீண்டும் எழுந்தன. வீட்டுக்காரரும் இப்பணியில் பங்கேற்றனர். 2008இல் இப்பணி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது.

இவற்றை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. நம் பங்கின் பழைய குருக்கள் இல்லத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்பலாம் என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்துள்ளது. சொல்வோரின் கவலை நியாயமானதே. மழையில் மாடி ஒழுகுகிறது, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, செலவும் சிறிதன்று. எனினும், முடிவெடுக்கும் முன் அவ்வேலை அறிந்த ஒருவரை வரவழைத்து, சிமெண்ட் பூச்சைச் சிறிது பெயர்த்து, உத்திரங்களின் முனைகளைப் பார்த்துவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். உத்திரம் உளுத்திருந்தால் அதனை மட்டும் மாற்றலாம். சுவரே நெகிழ்ந்திருந்தால், அப்போது இடிப்பதைப் பற்றிப் பேசுவோம்.

பழைய வீடுகளில் வாழும் நம் பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் மாடியின் நீர்த்தாரையைத் துப்புரவு செய்யுங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இளமையிலேயே வேரோடு களையுங்கள். மரத்தில் கறையான் தென்படுகிறதா எனப் பாருங்கள். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடியுங்கள். அண்ணன் தம்பியர் பாகம் பிரிக்கும்போது முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பாதீர்கள். அது வீட்டின் வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடும். இவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. வீடு நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.